நிறுவனர் நினைவுக் கிருமி

ராமாபுரத்து வினிதா மைசூருக்கு வந்து எம்.எஸ்ஸி. பயன்பாட்டு நுண்ணுயிரியலில் சேர்ந்தபோது, அது என்ன படிப்பு என்று அவள் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. அவளுடைய அப்பா அய்யாசாமிக்கு மக்காச்சோளக் காடு. படைப்புழு விழுந்து பாதி வெள்ளாமை போயிருந்த வருஷம் அது.

"ஏங்கண்ணு, பூச்சியப் பத்துன படிப்புங்கறயே, இந்தப் புழுவுக்கு அதுல எதாச்சும் மருந்து இருக்குதா?" என்று கேட்டார்.

"பூச்சி இல்லீங்கப்பா. கண்ணுக்கே தெரியாத கிருமி."

"கண்ணுக்குத் தெரியறதே இங்க ஏகப்பட்டது கெடக்குது. தெரியாததத் தேடி மைசூரு போகோணுமா?" என்றார். ஆனாலும் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, பஸ் வளைவில் திரும்பி மறையும் வரை நின்றுகொண்டிருந்தார்.

அவள் சேர்ந்தது தர்மரத்னா புட்டமாதப்பா அறிவியல் கல்லூரி. புட்டமாதப்பா ஊதுபத்தி வியாபாரத்தில் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை என்பதைக் கல்லூரி பெருமையோடு சொல்லிக்கொண்டது. வராந்தாவில், வகுப்பறையில், கேன்டீனில், ஆய்வகத்தில் எங்கே நிமிர்ந்தாலும் மாலை போட்ட அவருடைய படம் பார்த்துக்கொண்டிருக்கும்.

நுண்ணுயிரியல் துறையில் கருவிகளுக்குக் குறைவில்லை. கிருமி நீக்கும் பெரிய ஆட்டோகிளேவ் ஒன்று பிளாஸ்டிக் உறையோடு, சிவப்பு ரிப்பன் கட்டி, ஜம்மென்று மூலையில் நின்றது. அதை ஒரு அமைச்சர் திறந்து வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அமைச்சர் தேதி கொடுக்கும்போதெல்லாம் அமைச்சரவை மாறிப்போனது. அதுவரைக்கும் மாணவர்கள் பிரஷர் குக்கரில் வேலையை முடித்துக்கொண்டார்கள். விசில் வந்தால் கிருமி செத்துவிட்டது என்று கணக்கு.

நுண்ணோக்கியில் தெரிந்ததை ரெக்கார்டில் வரைந்தால் மார்க் கிடையாது. சீனியர்களின் ரெக்கார்டில் இருப்பதை முதலில் வரைய வேண்டும். பிறகு அது நுண்ணோக்கியில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் நுண்ணோக்கியைத் துடைக்க வேண்டும். தசராவின்போது ஆயுத பூஜைக்கு எல்லா லென்ஸுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க எல்லாக் கிருமிகளும் சிவப்பாகவே தெரிந்தன. அதையும் ரெக்கார்டில் ஏற்றச் சொன்னார்கள்.

துறைத் தலைவர் குப்புசாமி மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அவர் பேச்சில் பாதி கன்னடம், மீதிப் பாதி ஆங்கிலம். இடைவெளிகளை நிரப்புவதற்குத்தான் தமிழ். நல்ல மனிதர். ஆனால் வினிதாவின் படிப்பு முடியும் மே மாதத்தோடு அவருக்கு ஓய்வு. பணி நீட்டிப்புக் கேட்டு அவர் போட்ட விண்ணப்பம் பிரின்சிபால் மேஜையில் கிடந்தது. அதனால் அந்த வருஷம் எவரிடமும் எதற்கும் இல்லை என்று சொல்வதை அவர் விட்டுவிட்டிருந்தார்.

இரண்டாம் வருஷத்தில் ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டுப் போன வினிதாவிடம் அவர் சொன்னார்:

"நோடம்மா, டாபிக் சிம்பிளா இருக்கட்டும். கேட்டுக்கு வெளில பசம்மா பானிபூரி வண்டி இருக்கில்ல? அவ தண்ணில கிருமி எஷ்டு, நம்ம ஃபவுண்டர் மெமோரியல் கூலர் தண்ணில எஷ்டு, ரெண்டும் கம்பேர் பண்ணு. அங்க நெறைய இருக்கும், இங்க ஒண்ணும் இருக்காது. முடிவ இப்பவே டைப் பண்ணிடலாம். எக்ஸ்பெரிமென்ட்ட மெதுவா பண்ணிக்கோ."

நிறுவனர் நினைவுக் குளிர்நீர் இயந்திரம் வராந்தாவில் பளிங்குக் கல்வெட்டோடு இருந்தது. மேலே அவர் படம். தம்ளரை அண்ணாந்து குடிக்கிறவர்கள் அவரைக் கும்பிடுகிற மாதிரியே இருக்கும்.

வினிதா இரண்டு தண்ணீரையும் பிடித்து வந்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளில் பரப்பினாள். மறுநாள் காலை திறந்து பார்த்தாள். பசம்மாவின் தட்டில் அநேகமாக ஒன்றுமில்லை; அவள் போட்ட புளிப்பிலும் உப்பிலும் கிருமிகள் தாக்குப்பிடிக்கவில்லை. கூலர் தட்டில் இடமே இல்லை. பொன்வண்டின் முதுகு போலப் பச்சையாகப் பளபளத்துக்கொண்டு கிருமிக் கூட்டங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஈ.கோலை. மனிதக் குடலில் குடியிருப்பது. குடிநீரில் அது இருந்தால், தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவறைக்கும் எங்கேயோ சம்பந்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

"லேபிள மாத்தி ஒட்டிட்டியா?" என்றார் குப்புசாமி.

"இல்லீங்க சார்."

"மறுபடி பண்ணு."

மறுபடியும் செய்தாள். அதே பச்சை, அதே பளபளப்பு. குப்புசாமி தட்டைக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அப்போ லேபிள மாத்தி ஒட்டிடு."

"சார், பொய்யாயிருமுங்களே."

"பொய் இல்லம்மா. எடிட்டிங்."

வினிதா மாற்றி ஒட்டவில்லை. பிடிவாதம் என்று சொல்ல முடியாது. எடிட்டிங் எப்படிச் செய்வது என்று அவளுக்குப் பாடத்தில் சொல்லித்தந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம் விடுதி அறைத் தோழி அஷ்வினி படுத்துவிட்டாள். அஷ்வினி வீட்டிலும் தமிழ்தான். ஆனால் வலி வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஹொட்டெ நோவு கணே வினி" என்று கன்னடத்தில் முனகினாள். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, "வெளியில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். அஷ்வினி வெளியில் எதுவும் சாப்பிடவில்லை. கல்லூரிக்குள்ளே தண்ணீர் குடித்திருந்தாள். விடுதியில் பாதிப் பெண்களுக்கு இதே கதை. கழிவறை வாசலில் வரிசை நின்றது. பின்னால் நிற்கிறவள் முன்னால் நிற்கிறவளைச் சாபம் விட்டாள்.

வினிதா கட்டிடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். கழிவறைக் குழாய் ஒன்று வெடித்து, நிலத்தடித் தொட்டியின் உடைந்த மூடி மேல் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அதே தண்ணீரை அவளும் ஒன்றரை வருஷமாகக் குடித்தவள்தானே.

நேரே குப்புசாமியிடம் வந்து சொன்னாள். அவர் வெகுநேரம் நெற்றியைத் துடைத்தார். "பிரின்சிபால்கிட்ட போலாம். நீ பேசு. நான் கூட நிக்கறேன்" என்றார்.

பிரின்சிபால் நஞ்சுண்டசாமி வணிகவியல் பேராசிரியர். அவர் பேசுவது கன்னடம். கேட்பது அவர் விரும்பியது. அன்றைக்கு அவர் பெரிய கவலையில் இருந்தார். தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. கல்லூரி சொந்தமாக என்ன கண்டுபிடித்தது என்று குழு கேட்கும். கல்லூரி சொந்தமாகக் கண்டுபிடித்தது கல்லூரிப் பாட்டு ஒன்றுதான்.

"சார், நம்ம கூலர் தண்ணீல ஒரு கிருமி இருக்குதுங்க" என்று வினிதா கன்னடத்தில் தொடங்கினாள்.

"வெளியில் இருக்கிற தண்ணீரில்?"

"பசம்மா வண்டித் தண்ணீல இல்லீங்க சார். இதுல மட்டுந்தான்."

பிரின்சிபால் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "வேறு எங்கேயும் இல்லை. நிறுவனர் கூலரில் மட்டும் இருக்கிறது. அப்படித்தானே?"

"சார், அது கெட்ட..."

"குப்புசாமி, தயிரில் இருப்பதும் கிருமிதான் என்று நீங்கள்தானே ஒரு கூட்டத்தில் பேசினீர்கள்?"

குப்புசாமி மேஜையைப் பார்த்தார். அங்கே அவருடைய விண்ணப்பத்தின் மேல் பேப்பர் வெயிட் இருந்தது. "ஆமா சார். தயிர்லயும் கிருமிதான்" என்றார். அது பொய்யில்லை.

"இவ்வளவு பேர் குடித்தோம். யாராவது செத்தோமா? அப்படியானால் நல்ல கிருமி!" என்றார் பிரின்சிபால். வினிதா மறுபடி வாயைத் திறப்பதற்குள் கிருமிக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. 'புட்டமாதப்பா.'

மறுநாள் முதல் கூலரைச் சுற்றிச் சிவப்புப் பட்டுக் கயிறு கட்டினார்கள். தொட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது, கழுவக் கூடாது, பிளீச்சிங் பவுடர் கண்டிப்பாகக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. வாசலில் ஆளுயர பிளெக்ஸ். இடப்பக்கம் நிறுவனர், வலப்பக்கம் கிருமி. பிளெக்ஸ் கடைக்காரர் இணையத்தில் தேடி, இருப்பதிலேயே அழகாக இருந்ததைப் போட்டிருந்தார். அது கொரோனா வைரஸ்.

வினிதா ஹாஸ்டல் பெண்களிடம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். விடுதியில் அடுப்புக்கும் கெட்டிலுக்கும் தடை. அவளே ஆய்வகக் குக்கரைத் தேய்த்துக் கழுவி, காய்ச்சிக் காய்ச்சிக் குடங்களில் ஊற்றிக் கொடுத்தாள். கிருமியைக் கொல்லும் பெண் என்று யாரோ ஆபீசில் போய்ச் சொல்லிவிட்டார்கள். நிறுவனரை அவமதித்ததாக ஒரு விளக்கமும் கேட்டார்கள். "ஏன்டி உனக்கு இந்த வேலை?" என்றாள் அஷ்வினி. ஆனால் காய்ச்சின தண்ணீரில் இரண்டு செம்பு வாங்கிக்கொண்டாள்.

குழு வந்தது. மூன்று பேர். ஒருவர் புவியியல், ஒருவர் சமஸ்கிருதம், ஒருவர் நிர்வாகவியல். கிருமியைப் பற்றி மற்ற இருவரில் ஒருவருக்குத் தெரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நம்பினார். கூலருக்கு முன்னால் பிரின்சிபால் உரையாற்றினார்.

"பெரியோர்களே, ஒரு கண்டுபிடிப்பு ஒரே நாளில் வந்துவிடாது. இருபது வருஷமாக இந்தத் தொட்டியில் நாங்கள் யாரும் கை வைக்கவில்லை. தொட்டியைக் கழுவுங்கள், குழாயை மாற்றுங்கள் என்று மாணவர்கள் எத்தனையோ தடவை எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒன்றுக்குக்கூடப் பதில் போட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்த பிரின்சிபாலும் போட்டதில்லை. நாங்கள் அன்றைக்கு அவசரப்பட்டுப் பதில் போட்டிருந்தால் இன்றைக்கு இந்தக் கிருமி உண்டா? பெரிய பெரிய கல்லூரிகளில் எல்லாம் ஆராய்ச்சிக்கு ஆள் வைக்கிறார்கள். இங்கே எங்கள் நிர்வாகமே ஆராய்ச்சி!"

கைதட்டல். வெள்ளித் தம்ளர்களில் நிறுவனர் தண்ணீர் வந்தது. வினிதா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "சார், குடிக்காதீங்க சார்" என்றாள்.

"பார்த்தீர்களா? கண்டுபிடித்த பெண். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்கிறாள்" என்றார் பிரின்சிபால், அவள் தலையைத் தடவி.

மூவரும் குடித்தார்கள். சமஸ்கிருதக்காரர், லேசாக இனிக்கிறது என்றார்.

இரண்டாம் நாள் ஆய்வு அவ்வளவு விரிவாக நடக்கவில்லை. நூலகத்துக்குப் போகிற வழியில் ஒருவர் விலகினார், விளையாட்டு மைதானத்துக்குப் போகிற வழியில் ஒருவர். மூன்றாமவர் எந்த வழியிலும் கிளம்பவே இல்லை. ஆனாலும் அறிக்கை பிரமாதமாக வந்தது. கல்லூரிக்கு உயர்ந்த தரம். குறிப்பாக, கழிவறை வசதிகளைப் பற்றி மூவரும் நேரடி அனுபவத்தோடு, மனம் நெகிழ்ந்து எழுதியிருந்தார்கள்.

பாராட்டு விழா எடுத்தார்கள். வினிதாவுக்குச் சால்வை, பழக்கூடை, தலையில் மைசூர் பேட்டா. சரிகை வைத்த அந்தத் தலைப்பாகை யாரோ பெரிய தலைக்காரருக்குத் தைத்தது. அவள் கண் வரை இறங்கிவிட்டது. முன்வரிசையில் அய்யாசாமி உட்கார்ந்திருந்தார். மகள் எதையோ கண்டுபிடித்திருக்கிறாள் என்று கல்லூரியிலிருந்து போன் போயிருந்தது. அவர் புது வேட்டி கட்டிக்கொண்டு, முதல் பஸ்ஸில் வந்திருந்தார்.

"மகளே, நீ எங்களுக்கு இவ்வளவு செய்தாய். நிறுவனத்திடம் என்ன வேண்டுமோ கேள்!" என்றார் பிரின்சிபால் மைக்கில். ஒன்றும் வேண்டாம் என்று சொல்வதுதான் வழக்கம். அதற்கு நன்றி சொல்லும் பேச்சும் அவர் பையில் தயாராக இருந்தது.

வினிதா தலைப்பாகையை இரண்டு கையாலும் மேலே தூக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் தம்ளர். அதைக் கூலரில்தான் பிடித்திருக்க வேண்டும். பாதி காலியாகியிருந்தது.

"தொட்டியக் கழுவோணுங்க சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அழுகை வந்தது. "கன்னடத்துலயும் சொல்லட்டுங்களா? இன்னைக்கே கழுவோணும். எங்கப்பா குடிச்சிட்டாருங்க சார்."

பிரின்சிபாலின் முகத்தில் கோபத்தைவிட வேதனைதான் அதிகம் தெரிந்தது. "கழுவினால் புட்டமாதப்பாவின் கதி?" என்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து குப்புசாமி எழுந்தார். மைக்குக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் வினிதா நினைத்தாள்.

"சார், ஒரு சயின்டிஃபிக் விஷயம்" என்றார். "ஃபவுண்டர... ஐ மீன், கிருமிய, தொட்டில வெச்சிருக்கறது அவருக்கு மரியாதை இல்ல. மூடி ஒடஞ்சிருக்கு. மேல பாத்ரூம் பைப் லீக் ஆகுது. இஷ்டு பெரிய மனுஷர் தலை மேல அது சொட்டலாமா? லேப்ல ஃப்ரிட்ஜ் இருக்கு. தனி ரேக் கொடுத்து, கண்ணாடித் தட்டுல வெச்சு நானே பாத்துக்கறேன். அவர் இடம் மாறின அப்புறம் தொட்டிய என்ன வேணும்னாலும் செய்யலாம். பைப்பையும் மாத்தலாம்."

பிரின்சிபாலின் கண் கலங்கிவிட்டது. "இத்தனை நாள் அவரை அங்கேயா வைத்திருந்தோம்!" என்றார்.

நல்ல நாள் பார்த்து நிறுவனரை எழுந்தருளச் செய்தார்கள். நாகஸ்வரம், தவில், சரிகைக் குடை. வெள்ளித் தாம்பாளத்தில் வினிதாவின் கண்ணாடித் தட்டு தொட்டியடியிலிருந்து புறப்பட்டு, வராந்தாவெல்லாம் சுற்றி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் அமர்ந்தது. அதே நாளில் பின்பக்கம் தொட்டி கழுவப்பட்டது. குழாய் மாற்றப்பட்டது. உள்ளேயிருந்து சேறும் ஒற்றைச் செருப்பும் யாரும் உரிமை கோராத ஒரு கிரிக்கெட் பந்தும் வந்தன. குப்புசாமிக்குப் பணி நீட்டிப்பு கிடைத்தது. புதுப் பதவி: நிறுவனர் நினைவுக் கிருமிக் காப்பாளர்.

அடுத்த வாரம் வினிதா கூலர் தண்ணீரை மறுபடி தட்டில் பரப்பிப் பார்த்தாள். ஒன்றும் வளரவில்லை. வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்ததைப் பார்த்து ஜூனியர் பெண்கள் பயந்தார்கள். அவளுடைய ஆய்வேடு தேறியது. அப்பாவுக்கு இரண்டு நாள் வயிற்றால் போய், பிறகு சரியாகிவிட்டது. "கண்ணுக்குத் தெரியாததுதான் சாமி மோசம்" என்று அவர் போனில் ஒப்புக்கொண்டார்.

மைசூரிலேயே, ஹெப்பாளில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வினிதாவுக்கு வேலை கிடைத்தது. மறு வருஷக் கோடையில் ஒருநாள், கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது குப்புசாமியின் போன் வந்தது.

"வினிதா, ஒரு துக்க சேதி."

"ஐயோ, யாருங்க சார்?"

"ஃபவுண்டர்."

"அவரு எப்பவோ போயிட்டாருங்களே சார்."

"அவர் இல்லம்மா. நம்மவர்."

லீவில் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தார்கள். தட்டு வடாமாகக் காய்ந்து, மேலே பூஞ்சை பிடித்துக் கிடந்தது. மாற்றுத் தட்டுக்கும் அதே கதி. நாலு நாளில் நிறுவனர் ஜெயந்தி. மேடையில் தட்டுக்கு மாலை போட்டு ஆரத்தி எடுக்க வேண்டும். மூடியை விலக்கிப் பச்சைப் பளபளப்பைக் காட்டாவிட்டால் பிரின்சிபால் விடமாட்டார்.

"உங்க கம்பெனி தண்ணில கொஞ்சம் கெடைக்குமா?"

"இருந்தா என்னைய வேலைய விட்டுத் தூக்கிருவாங்க சார்."

"நம்ம தொட்டியும் இப்போ கிளீன். என்னம்மா இது, ஒரு சாதாரண கிருமிக்கு இந்த ஊர்ல இஷ்டு பஞ்சமா?" என்று குப்புசாமி அங்கலாய்த்தார்.

வினிதா பஸ்ஸில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அது எங்க குடியிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. நீங்க எங்கயும் போக வேண்டியதே இல்லீங்க சார்."

மறுமுனையில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அய்யோ ராமா," என்றார் குப்புசாமி. "முப்பது வருஷமா அதத்தானே பாடம் எடுக்கறேன்." சற்றுப் பொறுத்து, "சாம்பிள் நானேதான் தரணுமா?" என்றார்.

"வேற யார்கிட்ட போயிக் கேப்பீங்க சார்?"

ஜெயந்தி அன்று மதியம், விழாவுக்குப் போயிருந்த அஷ்வினி ஒரு படம் அனுப்பினாள். மேடையில் வெள்ளித் தாம்பாளம். அதில் மல்லிகைச் சரம் சூட்டிய கண்ணாடித் தட்டு, பச்சைப் பளபளப்போடு, இதுவரை இல்லாத அளவுக்குச் செழித்திருந்தது. பிரின்சிபால் நஞ்சுண்டசாமி காலணியைக் கழற்றிவிட்டு, கைகூப்பி, அதற்கு முன்னால் நன்றாகக் குனிந்திருந்தார். பக்கத்தில் குப்புசாமி, புது மாப்பிள்ளை மாதிரி தலையைக் கவிழ்த்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.